ராயபுரத்தில் ஓர் அமைதி அறை: செய்தது எப்படி, செலவானது எங்கே

ராயபுரத்தில், பள்ளிக்கூடத்துக்குள், அமைதி அறை அமைக்கப்போகிறோம் என்றதும் ஸ்டாஃப் ரூமில் முதலில் எழுந்தது சிரிப்புதான். சிரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் காம்பவுண்டுக்குக் கிழக்கே ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். பின்பக்கம் ரயில் பாதை. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது இந்த ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான். ஆக, இங்கே இரைச்சலுக்குப் பள்ளிக்கூடத்தைவிட வயது அதிகம். போதாக்குறைக்குக் காசிமேட்டிலிருந்து மீன் பெட்டிகளோடு பறக்கிற குட்டி யானை வண்டிகள், பாங்கு, மாதா கோயில் மணி, எதிர்வீட்டு மொட்டைமாடியில் புறா விடுகிற பையன்களின் விசில்.

சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டால் பள்ளியைச் சுற்றி 100 மீட்டருக்குப் பகலில் சத்தம் 50 டெசிபலுக்கு (ஒலியை அளக்கும் அலகு) மேல் போகக்கூடாது. ரோட்டுப் பக்கத்து ஜன்னலில் போனை வைத்து அளந்தால் 70-க்குக் கீழே முள் இறங்குவதே அபூர்வம். போன் ஆப் துல்லியமான கருவி இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே உதவும். ஆனால் 50-க்கும் 70-க்கும் உள்ள தூரம் காதுக்கே தெரியும்.

எங்களுடையது அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளி. நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். கத்தோலிக்கன் இல்லை. தலைமை ஆசிரியை சிஸ்டர் ஒருநாள் லேபுக்கே வந்து, "பிள்ளைங்க அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார ஓர் இடம் வேணும் சார். அது சேப்பலாவும் இருக்க வேண்டாம், கிளாஸ் ரூமாவும் இருக்க வேண்டாம்" என்றார். காசு, பழைய மாணவர்கள் கொடுத்தது. ஆள், நானும் பிளஸ் ஒன் பிள்ளைகள் சிலரும், ஓர் ஆசாரி, ஒரு மேஸ்திரி, ஓர் எலக்ட்ரீஷியன். கோடை விடுமுறையில் தொடங்கினோம்.

இதைப் படித்துவிட்டு வேறு பள்ளிகளில் யாராவது செய்யக்கூடும் என்பதால் முக்கியமான விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தெருச் சத்தத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அறை தானாகப் போடுகிற சத்தத்தை முதலில் நிறுத்துங்கள். எங்கள் செலவில் பாதிக்கு மேல் அதற்குத்தான் போனது, பலனில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வந்தது.

கிடைத்த அறை தரைத்தளத்தில் இருந்தது. பழைய விடைத்தாள் கட்டுகளும் உடைந்த கேரம் போர்டுகளும் அடைந்துகிடந்த ஸ்டோர் ரூம். 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் உயரம். மெட்ராஸ் டெரஸ் கூரை (மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுகிற பழைய தளம்), தேக்கு உத்தரம், கடப்பா கல் தரை. கிழக்கே ரோட்டைப் பார்த்து ஒரு ஜன்னல், மேற்கே உள்முற்றத்தைப் பார்த்து ஒன்று.

சாமானை எல்லாம் வெளியேற்றிவிட்டு, பிள்ளைகளோடு வெறும் தரையில் உட்கார்ந்து, கேட்கிற சத்தத்தை எல்லாம் எழுதச் சொன்னேன். தாளின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் வெளியிலிருந்து வருவது, வலப்பக்கம் அறைக்குள்ளேயே பிறப்பது. வலப்பக்கம்தான் நீண்டது. ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்'. டியூப் லைட்டின் முனகல். கதவுக் கீலின் கிறீச், நாதாங்கி இரும்பில் இரும்பு மோதும் ஓசை. ஒருவன் எழுந்து மடக்கு நாற்காலியை நகர்த்தினால் கடப்பா கல்லில் பல் கூசும். எல்லாவற்றுக்கும் மேலே எதிரொலி: யாராவது தும்மினால் அந்தத் தும்மல் அறையைச் சுற்றிவிட்டுத்தான் அடங்கும். லாரி ஹாரன் வரும், போகும். ஃபேனின் 'டக்' போகவே போகாது. மனசு அதை எண்ண ஆரம்பித்துவிடும்.

ஃபேனில் தொடங்கினோம். எலக்ட்ரீஷியன் இறக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், இதுக்குப் போயி புது ஃபேனா? இது காப்பர் வைண்டிங்கு. ரப்பர் புஷ்ஷு செத்துப்போச்சு, அவ்ளோதான்" என்றார். கொக்கியில் மாட்டுகிற இடத்தில் இருக்கும் அந்த ரப்பர் காய்ந்து பிளந்து, ராடு நேராக இரும்புக் கொக்கியில் உரசிக்கொண்டிருந்தது. கூரை உத்தரம் முழுக்க அந்த அதிர்வை வாங்கிப் பெரிதாக்கித் தந்தது. புது ரப்பர், புது ஸ்பிலிட் பின், பேரிங் மாற்றம். கொக்கியை மூடுகிற கிண்ணத்தின் திருகு லூசாக இருந்ததை முறுக்கியதில் 'டக்' போனது.

ஆனாலும் மெதுவாகச் சுற்றும்போது ஒரு ரீங்காரம் மிச்சம் இருந்தது. அது ஃபேனின் குற்றமில்லை, ரெகுலேட்டருடையது. குமிழைத் திருகினால் தொடர்ச்சியாக வேகம் மாறுகிற வகை எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், மின்னலையின் ஒரு பகுதியை ஒவ்வொரு முறையும் வெட்டிவிட்டுத்தான் மோட்டாருக்குத் தரும். வெட்டுப்பட்ட அலையில் மோட்டார் முனகும். கெபாசிட்டர் வைத்த ஸ்டெப் டைப் ரெகுலேட்டர் அலையை வெட்டாமல் மின்னழுத்தத்தைக் குறைக்கும். அதை மாற்றியதும் சத்தம் நின்றது. பிளஸ் டூ மாறுதிசை மின்னோட்டப் பாடத்தை இந்த ஃபேனுக்கு அடியில் நின்றுகொண்டே நடத்திவிடலாம்.

டியூப் லைட்டும் அப்படித்தான். பழைய சோக்கில் இருக்கிற இரும்புத் தகடுகள் மின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை இழுபடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 100 ஹெர்ட்ஸ் முனகல். எல்.இ.டி. பேட்டன் போட்டோம். வாங்குவதற்கு முன் கடையிலேயே போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். மலிவான விளக்காக இருந்தால் படத்தில் பட்டை பட்டையாகத் துடிக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி தரும்.

நாதாங்கிக்கு சைக்கிள் டியூப். பழைய டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, நாதாங்கி விழுகிற இடத்திலும் கதவு நிலையில் முட்டுகிற இடத்திலும் ஒட்டினோம். கீலுக்கு எண்ணெய். மடக்கு நாற்காலிகளைத் துரத்திவிட்டு, கீழே உட்கார முடியாதவர்களுக்காக நான்கு மர முக்காலிகள், காலில் ரப்பர் குப்பி போட்டது. மற்றவர்களுக்குத் தென்னங்கயிற்றுப் பாய். கோரைப்பாய்தான் கண்ணுக்கு அழகு. ஆனால் கடலோரத்து ஈரத்தில் மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்று ஆயா அம்மா தடுத்துவிட்டார். சரியாகத்தான் சொன்னார்.

அடுத்து எதிரொலி. இதற்குக் கணக்கு இருக்கிறது. ஓர் அறையில் எழும் சத்தம் 60 டெசிபல் குறைய எடுத்துக்கொள்ளும் நேரம் = 0.161 × அறையின் கனஅளவு ÷ மொத்த உறிஞ்சுதிறன். சபைன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் தந்த சூத்திரம். எங்கள் அறை 108 கன மீட்டர். சுவரும் கூரையும் கடப்பா கல் தரையும் சேர்ந்து கிட்டத்தட்ட 139 சதுர மீட்டர் பரப்பு. பூச்சுச் சுவர் தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் விழுங்கும். திறந்த ஜன்னல் மட்டும் முழுதாக விழுங்கும், ஏனென்றால் போன சத்தம் திரும்பி வராது. எல்லாம் சேர்த்தால் உறிஞ்சுதிறன் (எத்தனை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம் என்ற கணக்கு) 8 சதுர மீட்டர்கூடத் தேறவில்லை. விடை 2 விநாடிக்கு மேல். கோயில் பாட்டுப் பாட அது அருமையான அறை. இருபது பிள்ளைகள் உட்கார்ந்து மூச்சுவிட்டாலே இரைச்சல் ஆகிற அறையும் அதுதான்.

ஒரு விநாடிக்குக் கீழே கொண்டுவர வேண்டும். உறிஞ்சுகிற பொருள் சுமார் 12 சதுர மீட்டர் தேவைப்பட்டது. யூடியூப் பார்த்த பிள்ளைகள் முட்டைத் தட்டும் தெர்மாகோலும் ஒட்டலாம் என்றார்கள். முட்டைத் தட்டு மெல்லிய அட்டை; கீச்சுக் குரலைக் கொஞ்சம் தடுக்கும், மற்றதைக் கண்டுகொள்ளாது. தெர்மாகோலுக்குள் இருக்கிற காற்றறைகள் எல்லாம் மூடிக்கிடப்பவை, ஒலி உள்ளே நுழையவே முடியாது. அதைவிடப் பெரிய காரணம் நெருப்பு. தெர்மாகோல் பற்றினால் உருகிச் சொட்டும், கரும்புகை கிளம்பும். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. பள்ளிக்கூடச் சுவரில் தெர்மாகோல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நாங்கள் எடுத்தது ரப்பரைஸ்டு காயர். மெத்தைக்குள் வைப்பார்களே, அந்தத் தென்னை நார்ப் பலகை, 2 அங்குலக் கனம். 4 அடிக்கு 2 அடி அளவில் ரீப்பர் சட்டம் அடித்து, அதற்குள் காயரை வைத்து, மேலே துணி இழுத்துக் கட்டிய பேனல்கள், மொத்தம் 16. துணிக்கு ஒரே ஒரு பரீட்சைதான்: வாயில் வைத்து ஊதினால் காற்று அந்தப் பக்கம் வர வேண்டும். காற்று போனால் ஒலியும் போகும். கோடவுன் தெருவில் கடை கடையாகத் துணியை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தேன். "இன்னாபா, மாஸ்க் தைக்கப் போறியா?" என்று கேட்டார் ஒரு கடைக்காரர். சாதாரண காடாத் துணி தேர்ச்சி பெற்றது. பளபளப்பான திரைச்சீலைத் துணிகள் எல்லாம் ஃபெயில்.

காயரும் காடாவும் எரியக்கூடியவைதான், அதை மறைத்துப் பயனில்லை. 2 லிட்டர் வெந்நீருக்கு 200 கிராம் போராக்ஸ், 85 கிராம் போரிக் அமிலம் கரைத்து, துணியை முக்கி, பிழியாமல் நிழலில் உலர்த்தினோம். கெமிஸ்ட்ரி மிஸ் லேபில் ஒரு துண்டைத் தீயில் காட்டினார்: கருகியது, சுடர் எழவில்லை, தீயை எடுத்ததும் அணைந்துவிட்டது. ஒன்று நினைவிருக்கட்டும், துவைத்தால் இந்த மருந்து போய்விடும். துவைத்த பிறகு மறுபடி முக்க வேண்டும். பேனல்களுக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட் எதுவும் இல்லாதபடி வயரிங்கையும் மாற்றினோம்.

பேனலை மாட்டுவதற்கு முன் சுவரைச் சரி செய்ய வேண்டியிருந்தது. பழைய செங்கல் சுவர், சுண்ணாம்புக் கட்டுமானம். அதன்மேல் எப்போதோ யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறுகிற ஓதம் (ஈரம்) வெளியேற வழியில்லாமல் சிமென்டுக்குப் பின்னாலேயே தேங்கி, இடுப்பு உயரம்வரை உப்புப் பூத்து, பூச்சு உப்பலாக நின்றது. விரலால் தட்டினால் டொக்கு டொக்கென்று உள்ளீடில்லாத சத்தம். மேஸ்திரிக்கு வாட்டர்ப்ரூஃப் சிமென்ட் போட்டு மூடிவிட வேண்டும் என்று ஆசை. "சுண்ணாம்புல யாரு சார் இப்போ வேலை செய்றா?" என்றார். மூடினால் ஓதம் இன்னும் மேலே ஏறுமே தவிரக் காயாது.

கடைசியில் அவருடைய பெரியப்பா வந்தார். எழுபதைத் தாண்டிய கொத்தனார், ஒரு காலத்தில் மண்ணடியில் பழைய வீடுகளுக்கு மெட்ராஸ் டெரஸ் போட்டவர். சிமென்டைக் கொத்தி எடுக்கச் செய்து, சுவரைச் சில வாரம் அப்படியே காய விட்டு, உப்பைத் தினமும் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டச் சொன்னார். தண்ணீர் ஊற்றிக் கழுவ விடவில்லை; கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். பிறகு நீற்றிய சுண்ணாம்பும் மணலும், கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்த கலவை. கலவையைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்துப் பார்ப்பார். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் பதம் வந்துவிட்டது. விழுந்தால் இன்னும் அரைக்கச் சொல்வார். பிள்ளைகள் அவரைச் சுற்றியே நின்றார்கள். மேஸ்திரியும் நின்றார், கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு. மேலே வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும் அடித்தோம், பெயின்ட் இல்லை. சாய்ந்து உட்கார்ந்தால் யூனிஃபார்மில் வெள்ளை ஒட்டும். அதற்காகவே கீழ் வரிசைப் பேனல்கள் முதுகு உயரத்தில் வந்தன.

பேனலைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஓர் அங்குலம் தள்ளி மாட்டினோம். சுவர் மூச்சுவிட அந்த இடைவெளி வேண்டும். இதில் இயற்பியலுக்கும் லாபம்: பின்னால் காற்றிடைவெளி இருந்தால் அதே பேனல் இன்னும் தாழ்ந்த ஒலிகளையும் உறிஞ்சும். 16 பேனல், தரைப் பாய், எல்லாம் சேர்த்து உறிஞ்சுதிறன் 20-க்கு வந்தது, 0.9 விநாடிக்குள் எதிரொலி அடங்கும் என்பது கணக்கு. இருபது பிள்ளைகள் உள்ளே வந்தால் அவர்கள் உடம்பும் உடுப்புமே இன்னொரு 7 சதுர மீட்டருக்குச் சமம், இன்னும் குறையும். பலூன் உடைத்துப் போனில் பதிவு செய்து பார்த்தோம், கணக்குக்கு நெருக்கமாகவே இருந்தது. அதைவிட நல்ல அளவுகோல் ஆசாரி. கடைசிப் பேனலை மாட்டிவிட்டு ஏதோ கத்திப் பேச வாயெடுத்தவர், தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டதில் சட்டென்று குரலைத் தாழ்த்திவிட்டார். "இன்னா சார், காது அட்ச்சிகிச்சா?" என்று கேட்டார். எதிரொலி போனால் மனிதர்கள் தாமாகவே மெதுவாகப் பேசுவார்கள். 'அமைதி காக்கவும்' போர்டு தேவைப்படவில்லை.

ரோட்டுப் பக்கத்து ஜன்னலில்தான் சமரசம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. செங்கல் வைத்து அடைத்தால் சத்தம் பாதியாகும். ஆனால் ஏ.சி. இல்லாத அறை. கத்திரி வெயிலில் மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வருகிற கடல் காற்று ஒன்றுதான் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஆறுதல், அதையும் அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து என்ன தியானம்? காற்று வளைந்து போகும். கீச்சுச் சத்தம் அவ்வளவாக வளையாது. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டோம். ஜன்னலுக்கு உள்பக்கம் ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு பிளைவுட் பெட்டி, அதற்குள் மாற்றி மாற்றி மேலும் கீழும் நிற்கிற தடுப்புப் பலகைகள், எல்லாவற்றின் மேலும் காயர். காற்று பாம்பு போல நெளிந்து உள்ளே வந்துவிடும். ஹாரனும் விசிலும் சுவரில் முட்டி முட்டிக் காயரில் கரையும். லாரி இன்ஜினின் அடித்தொண்டை உறுமலுக்கு மட்டும் இது ஒன்றும் செய்யாது, அது வந்துகொண்டேதான் இருக்கிறது. கொசுவலை வெளிப்பக்கம். ஐப்பசி கார்த்திகை மழையில் சாரல் அடித்துக் காயர் நனையும் என்பதால் உள்பலகைகளைக் கழற்றி வெயிலில் போடுகிற மாதிரி ஆசாரி காடி வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

கதவில் கண்ணாடி வைக்கச் சொன்னது சிஸ்டர். கனமான கதவு, கீழே ரப்பர், இடுக்கில்லாமல் சாத்தினால் சத்தம் நன்றாகக் குறைந்திருக்கும். கண்ணாடிக்கு வெட்டினால் அங்கே கொஞ்சம் கசியும். வாதம் செய்யவில்லை. குழந்தைகள் இருக்கிற அறைக்குள் வெளியிலிருந்து பார்வை போக வேண்டும், அது டெசிபலுக்கு மேலான விதி. உடைந்தாலும் கூராகச் சிதறாத டஃபன்டு கண்ணாடி போட்டோம். கதவும் வெளிப்பக்கமாகத் திறக்கும்.

இனி, சுவரில் என்ன இருக்க வேண்டும் என்ற பேச்சு. கான்வென்ட்டில் ஏற்கெனவே சேப்பல் இருக்கிறது, நற்கருணைப் பேழையோடு (திருப்பலியில் அர்ச்சித்த அப்பத்தை வைக்கிற பெட்டி). அதை இங்கேயும் வைக்கலாமே என்று ஒரு டீச்சர் கேட்டார். சிஸ்டர் விளக்கினார்: நற்கருணை வைக்க ஆயருடைய அனுமதி வேண்டும், அதன் முன்னால் அணையாத விளக்கு எரிய வேண்டும், அதை ஒருவர் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி ஓர் இடத்தில் வந்து 'சும்மா' உட்கார முடியாது. கடைசியில் ஒரே ஒரு சிலுவை மட்டும், கிழக்குச் சுவரில் இல்லாமல் பக்கச் சுவரில். பார்க்க விரும்புகிறவர் திரும்பி உட்கார்ந்துகொள்ளலாம். மற்றவர்களுக்கு முற்றத்து வேப்பமரம். மெழுகுவர்த்தி கிடையாது, குத்துவிளக்கும் கிடையாது. காரணத்தை மேலேயே சொல்லிவிட்டேன்.

எங்கள் பிள்ளைகளில் கணிசமானவர்கள் இந்துக்கள், முஸ்லிம்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி என்ற சமய வகுப்புக்குப் போகும்போது, நன்னெறி வகுப்புக்குப் பிரிந்து போய்ப் பழகியவர்கள். அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு தெளிவாக இருக்கிறது: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில் யாரையும் அவருடைய சம்மதம் இல்லாமல், சிறுவராக இருந்தால் காப்பாளரின் சம்மதம் இல்லாமல், சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக்கூடாது. பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா நேராகவே கேட்டார்: "அங்க ஜெபம் பண்ணச் சொல்வீங்களா சிஸ்டர்?" சிஸ்டர், "இல்லம்மா. பண்ணாதேன்னும் சொல்ல மாட்டோம். அவங்க மனசுல என்ன ஓடுதுன்னு கேட்கவே மாட்டோம்" என்றார். அந்த அம்மாவின் மகள்தான் இப்போது மத்தியான இடைவேளையில் அங்கே தொழுகிறாள். அதற்காக யாரும் தனியாக அனுமதி கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

உள்ளே என்ன செய்வது என்பதை வெகு சுருக்கமாக வைத்திருக்கிறோம். ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு ஒரே ஒரு பயிற்சி: கேட்கிற சத்தங்களை மனசுக்குள் வரிசைப்படுத்துவது, தூரத்தில் இருப்பதிலிருந்து பக்கத்தில் இருப்பதுவரை. கப்பல் ஹாரன், கூட்ஸ் வண்டி, லாரி, காக்கா, ஃபேன் காற்று, பக்கத்தில் இருப்பவன் மூச்சு, தன் மூச்சு. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. மரியா மான்டிசோரி குழந்தைகளுக்கு வைத்த மௌனப் பாடத்தின் தம்பி முறை. அவர் கத்தோலிக்கர். 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவருடைய பாடத்தில் அறையே நிசப்தமாகும், பிறகு ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையாகப் பெயரைக் கிசுகிசுத்துக் கூப்பிடுவார். ராயபுரத்தில் கிசுகிசுப்பு எடுபடாது. லாரியையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டோம். வெளிச் சத்தத்தை முழுதாக அடைக்காமல் விட்டதன் பலன் இங்கேதான் தெரிந்தது. கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத அறையில் பதினொரு வயதுப் பையனால் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியும்?

பெரிய வகுப்புகளுக்கு, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்ம சோதனையை (அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கிற ஜெபம்) மதச் சொல் இல்லாமல் மூன்று கேள்வியாக்கி ஓர் அட்டையில் எழுதி வைத்திருக்கிறோம். இன்றைக்கு எதற்கு நன்றி சொல்லலாம்? எந்த இடத்தில் சறுக்கினேன்? நாளைக்கு எதை மாற்றிச் செய்யலாம்? அசலில் ஐந்து படிகள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பில் அந்த ஐந்தும் தனியாக வரும்.

கண்ணை மூடச் சொல்வதில்லை. மூடினால் சிலருக்குப் பயம் வரும், வீட்டில் நடந்தது கண்ணுக்கு முன்னால் வரும். தரையைப் பார்த்தால் போதும். வேண்டாம் என்கிறவர் வெளியே வேப்பமரத்தடியில் உட்காரலாம். தினமும் எல்லா வகுப்புக்கும் கட்டாயமாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தபோது நான்தான் எதிர்த்தேன். பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களை வைத்து நடத்திய 'மிரியட்' ஆய்வின் முடிவுகள் 2022-இல் வந்தன. வகுப்பு முழுவதற்கும் மைண்ட்ஃபுல்னெஸ் (மனசை இந்த நொடியில் நிறுத்துகிற பயிற்சி) பாடம் நடத்தியதில், வழக்கமான பாடத்தைவிடப் பிள்ளைகளின் மனநலத்தில் கூடுதல் பலன் எதுவும் தென்படவில்லை. ஆகவே வாரம் ஒரு பீரியடு, மற்றபடி இடைவேளையில் திறந்திருக்கும், விரும்பியவர் வரலாம். அவ்வளவுதான்.

வகுப்பில் சத்தம் போட்டவனை 'போய் அமைதி அறையில உட்காரு' என்று அனுப்பத் தொடங்கினார்கள் சில ஆசிரியர்கள். முதல் வாரத்திலேயே சிஸ்டர் அதை நிறுத்திவிட்டார். தண்டனைக்கு ஒருமுறை போய் வந்தவன் பிறகு ஜென்மத்துக்கும் தானாக அங்கே போக மாட்டான்.

ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியே கழற்றிவிட்டு வருவது நம் ஊர் வழக்கம், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நாற்பது பேர் லேஸ் அவிழ்த்து, மறுபடி கட்டினால் பீரியடில் கால்வாசி போய்விடும். பாதி வகுப்பு மட்டும் ஒரு நேரத்தில், மீதிப் பாதிக்கு லைப்ரரி. இன்னொன்று: பி.டி. பீரியடுக்கு அடுத்தபடியாக இந்த அறையை டைம்டேபிளில் போடவே போடாதீர்கள். சாக்ஸ். மேற்கொண்டு விவரிக்க விரும்பவில்லை.

ஓரத்தில் மண்பானை ஒன்று இருக்கிறது. மனசில் இருப்பதை எழுதி அதில் போடலாம், யாரும் படிக்க மாட்டோம். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் முன்னாலேயே தண்ணீர் ஊற்றிக் கூழாக்குவோம், கூழ் ஆர்ட் மாஸ்டருக்கு. இதில் எனக்கும், பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தருகிற கவுன்சிலர் மேடத்துக்கும் நீண்ட விவாதம் நடந்தது. யாரோ தனக்கு நடந்த கொடுமையை எழுதிப் போட்டு, நாம் படிக்காமல் கரைத்துவிட்டால்? படித்தால் கொடுத்த வாக்கு என்னாவது? முடிவாக, பானைக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம்: "இதில் போடுவதை யாரும் படிக்க மாட்டார்கள். உதவி வேண்டுமென்றால் ஆளிடம் சொல்." கீழே கவுன்சிலர் உட்காரும் அறை எண், அவர் இருக்கும் நேரம், குழந்தைகள் உதவி எண் 1098. ஆளிடம் சொன்னால் நாங்கள் அதை ரகசியமாக வைத்திருப்போம் என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பாலியல் கொடுமை பற்றித் தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். அதையும் வருட ஆரம்பத்தில் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்லிவிடுகிறோம்.

பாக்கி இருக்கிற வேலைகள்: வடகிழக்கு மூலையில் சுண்ணாம்பு மறுபடி பொரிகிறது. வெளியே கான்கிரீட் தளத்தில் தேங்குகிற மழைத் தண்ணீர்தான் காரணம் என்று பெரியவர் சொல்கிறார், அங்கே வாட்டம் மாற்ற வேண்டும். மழைக்கு முன் ஜன்னல் பெட்டியின் உள்பலகைகளைக் கழற்ற ஒரு முறைப்பட்டியல் போட வேண்டும். காடாத் துணிகளை ஆண்டு விடுமுறையில் துவைத்து மறுபடி போராக்ஸில் முக்க வேண்டும். உங்கள் பள்ளியில் அளவு எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஃபேனை ஓடவிட்டும் நிறுத்தியும் இரண்டு தடவை எடுங்கள். நிறுத்தி மட்டும் எடுத்த அளவு சித்திரை மாதத்தில் எதற்கும் உதவாது.